பகல் தெரியும் கண்

காபி வாங்கி வருகிறேன் என்று அவர் எழுந்து போய்விட்டார், போகட்டும், கொஞ்ச நேரம் பக்கத்தில் யாரும் இல்லாமல் இருப்பதே நல்லது, இப்போது அவர் என் கையைத் தொட்டால் உதறிவிடுவேன், இத்தனை பேருக்கு நடுவில் புருஷன் கையை உதறுகிறவள் என்று பார்ப்பார்கள், பார்க்கட்டுமே, கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எதையாவது பார்த்துக்கொண்டு போகட்டும். இரும்பு நாற்காலி புடவையைத் தாண்டிச் சில்லிடுகிறது. இடது பக்கம் யாரோ ஒரு பெரியவர் சொட்டு மருந்து எரிகிறது என்று முனகிக்கொண்டு முருகா முருகா என்கிறார், எதிரே ஒரு நர்ஸ் பெயர் கூப்பிடுகிறாள், எல்லாப் பெயரையும் ஒரே இழுப்பில் இழுக்கிறாள், என் பெயர் நீளம், மங்கையர்க்கரசி, அதை எப்படி இழுப்பாளோ. நாளைக் காலையில் என் இரண்டு கண்களையும் எடுத்துவிடப் போகிறார்கள். எடுத்துவிட்டு, புண் ஆறினதும் வர்ணம் தீட்டின கண் இரண்டு வைப்பார்கள், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாதாம். இன்றைக்கு அதற்கு முன்னால் நடக்கிற பரிசோதனை, ரத்தம், சர்க்கரை, பிரஷர், கடைசியாகப் பெரிய டாக்டர் ஒரு தடவை பார்ப்பார், கைநாட்டு, ஆமாம், எம்.ஏ. சரித்திரம் படித்தவளுக்குக் கைநாட்டு, அதோடு அவர் கையெழுத்து, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றுதான் காலையில் பஸ் ஏறும்போது நானும் நினைத்தேன். காலையில் எனக்குக் கோபம் இல்லை. தூக்கம் இல்லாத அசதிதான் இருந்தது, அது எப்போதும் இருப்பது. கோபம் அந்த இருட்டு ரூமில் ஆரம்பித்தது. அந்தச் சின்ன டாக்டர் பேசப் பேசப் புரிந்தது, புரிந்ததும் உடனே கூட வரவில்லை, மெதுவாக, பால் அடியில் சுடுகிற மாதிரி, வெளியே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மேலே ஏறி வந்தது, இப்போது இறங்க மாட்டேன் என்கிறது.

ஷஃபீனா என்று பெயர் சொன்னாள். வயசு தேனுகாவுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம், தேனுகா என் பெண், தை மாசம் கல்யாணம் ஆகப் போகிறவள். விரல் நுனி ஜில்லென்று இருந்தது, ஏலக்காய் மென்றிருந்தாள். என் தாடையை ஒரு இரும்புத் தாங்கியில் வைத்தாள், அசையாதீங்கம்மா என்றாள். எத்தனை தடவை இதைச் செய்திருக்கிறார்கள் எனக்கு, டார்ச் அடிப்பார்கள், இந்தப் பக்கம் அடிப்பார்கள் அந்தப் பக்கம் அடிப்பார்கள், ரியாக்ஷன் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள், ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான். இந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. வேறொரு விளக்கு போட்டாள், நீல விளக்கு என்று அவளே சொன்னாள், எனக்கு நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, எல்லோரும் நான் இருட்டில் இருக்கிறேன் என்று நினைக்கிறார்கள், இருட்டு என்பது பார்க்கிறவர்களுக்கு, எனக்கு முதுகுக்குப் பின்னால் என்ன தெரியுமோ அதுதான் முன்னாலும். விளக்கைப் போட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம், "சுருங்குதே," என்றாள், யாரிடமோ சண்டை போட்டு ஜெயித்த மாதிரி. "என்னம்மா சுருங்குது?" "உங்க பாப்பா. கண்ணுக்குள்ள இருக்கிற கறுப்பு வட்டம். ரொம்ப மெதுவா, ஆனா சுருங்குது. லைட்ட அணைச்ச பிறகும் உடனே விரிய மாட்டேங்குது." எனக்கு அதில் என்ன, சுருங்கினால் சுருங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "நான் லைட் போடுவேன், அணைப்பேன். சத்தமில்லாம. ஒவ்வொரு தடவையும் இருக்கா இல்லையான்னு சொல்லணும்." "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. வருஷக்கணக்காச்சு." "தெரியாதுன்னு எனக்கும் தெரியும். தோணறதச் சொல்லுங்க." அபத்தமாக இருந்தது. இருக்கு என்றேன். இல்லை என்றேன். சீட்டு எடுக்கிற கிளி மாதிரி இருக்கு, இல்லை, இருக்கு, இருக்கு, இல்லை. நடுவில் எரிச்சல் வந்து போதும்மா என்றேன். பேப்பரில் பேனா ஓடுகிற சத்தம், எண்ணிக் கூட்டினாள். அப்புறம் என் முழங்காலில் கை வைத்து, "அம்மா, கிட்டத்தட்ட எல்லாமே சரி," என்றாள்.

சரி. அந்தச் சொல்தான். கேட்டதும் வந்தது சந்தோஷம் என்று நினைத்தேன், இல்லை. அவள் சொன்னது இதுதான், நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன், ஒரு வார்த்தை தவறக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் திரை மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் வெளிச்சத்தை வாங்குகிற செல் இரண்டு வகை என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள், ஒன்று குச்சி மாதிரி, ஒன்று கூம்பு மாதிரி, இரண்டும் எனக்குச் செத்துப்போயாச்சு, மங்கலில் பார்க்கிற குச்சி முதலில், கலர் பார்க்கிற கூம்பு அப்புறம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. கொஞ்சமே கொஞ்சம். அது உருவம் காட்டாது, முகம் காட்டாது. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் அளந்து மூளைக்குச் சொல்லும். மற்றது இரண்டும் சட்டென்று பதில் சொல்லிச் சட்டென்று விட்டுவிடும், இது மெதுவாக ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது, வெளிச்சம் இருக்கிறவரை சொல்லிக்கொண்டே இருக்கும், போன பிறகும் கொஞ்ச நேரம் சொல்லும். வானத்து நீலம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். "உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கும்மா. அது சரியா ஓடாது, தினமும் கொஞ்சம் பின்தங்கும். காலை வெளிச்சம்தான் அதப் பிடிச்சு சரியா வைக்கும். அந்த வெளிச்சத்தக் கொண்டுபோய்ச் சேக்கிறது இந்த செல்தான். உங்களுக்கு அது உயிரோட இருக்குன்னு நினைக்கறேன்." அப்புறம் ஒன்று கேட்டாள், அதைக் கேட்டிருக்கவே வேண்டாம், இல்லை, கேட்டது நல்லது. "உங்களுக்குத் தூக்கம் எப்படி? கொஞ்ச நாள் நல்லா வரும், அப்புறம் தள்ளித் தள்ளிப் போயி ராத்திரி பூரா முழிப்பு, பகல்ல தூக்கம், அப்புறம் மறுபடி தானா சரியாகும், அப்படியா?" நான் அந்த இரும்புத் தாங்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இதை நான் யாரிடமும் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை, சொல்ல வார்த்தை இருந்ததில்லை, தூக்கம் வரலை என்றுதான் சொன்னேன், இத்தனை வருஷமாக, எல்லோரிடமும், தூக்கம் வரலை, தூக்கம் வரலை.

பகலில் தூங்கினால் ராத்திரி எப்படி வரும் என்றார்கள். வேலை வெட்டி இல்லை, உடம்பு அசையவில்லை, அதுதான் என்றார்கள். மனசு என்றார்கள். மனசு டாக்டரிடம் கூட்டிப் போனார் இவர், அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மீதிக் கேள்வியெல்லாம் இவரிடம் கேட்டார், பார்வை போன ஏக்கம் என்று மாத்திரை கொடுத்தார், அதைப் போட்டால் நாக்கு தடித்துவிடும், வாய்க்குள் வேறொருத்தி நாக்கு இருக்கிற மாதிரி. ஏக்கம்! எனக்கு ஏக்கம் எல்லாம் பொன்மலையிலேயே அழுது முடிந்துவிட்டது. இவர் ரயில்வே வொர்க்ஷாப்பில் சார்ஜ்மேனாக இருந்தபோது குவார்ட்டர்ஸில் இருந்தோம், எனக்கு அங்கேதான் பார்வை போனது, சுற்றிலும் இருந்து உள்ளே உள்ளே சுருங்கி வந்து, கடைசியில் ஒரு சாவித் துவாரம் அளவுக்குத் தேனுகாவின் மூக்குத்தியை மட்டும் பார்த்தேன், ஒரு நாள் அதுவும் இல்லை. பள்ளிக்கூட வேலையை விட்டதும் அங்கேதான். அழுதேன், சாப்பாட்டுத் தட்டை வீசி எறிந்திருக்கிறேன், ஆனால் தூங்கினேன். நன்றாக, அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். காலையில் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு பல் விளக்குவேன், வெயில் முகத்தில் அடிக்கும், கண் கூசும், கண் தெரியாதவளுக்கு ஏன் கண் கூசுகிறது என்று நான் கேட்டேனா, ஒருத்தரும் கேட்கவில்லை, கூசினால் மூடிக்கொண்டேன். இவர் ரிட்டையர் ஆகி கே.கே. நகர் ஃப்ளாட்டுக்கு வந்தோம். அங்கே வந்துதான் தூக்கம் போனது. அதை நான் சொன்னேன். புது இடம், பழகிடும் என்றார். எத்தனை வருஷத்துக்கு ஒரு இடம் புது இடம்?

ஃப்ளாட்டில் மூன்று ரூம். இரண்டுக்கு நல்ல ஜன்னல் உண்டு, ஒன்றில் தேனுகா, ஒன்றில் இவர், இவருக்கு என் முழிப்பு ஒத்துக்கொள்ளவில்லை, நடுவில் இருக்கிற ரூமை எனக்குக் கொடுத்தார்கள், பாத்ரூம் ஒட்டினாற்போல இருக்கிறது, உனக்குத்தான் வசதி என்றார்கள். அதற்கு ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் குழாய். தேனுகாவே சொன்னாள், பாவம், கெட்ட எண்ணம் இல்லை, "ம்மா, உனக்கு ஜன்னல் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதானே." ஒண்ணுதான் என்று நானும் சொன்னேன். அதற்கப்புறம் சுவிட்ச். ஐயோ, அந்த சுவிட்ச். இவர் என் ரூமுக்கு வருவார், லைட்டைப் போடுவார், பேப்பர் படித்துச் சொல்வார், யார் செத்தார்கள், என்ன விலை, எங்கே மழை, அக்கறையாகத்தான் படிப்பார், படித்து முடித்து எழுந்து போகும்போது டக்கென்று அணைத்துவிட்டுப் போவார். நான் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். ஆள் இல்லாத ரூமில்தானே விளக்கை அணைப்பார்கள். ஒரு தடவை சொன்னேன், லைட் இருக்கட்டுமே என்று. "ஏன் மங்க, யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்தால் திட்டியிருப்பேன். இந்த மனுஷனைத் திட்ட ஒரு பிடி கிடைக்காமல் நான் எத்தனை காலம் வெந்திருக்கிறேன், நல்லவர், குடிக்க மாட்டார், கை நீட்டியதில்லை, எனக்குத் தலை பின்னிவிடுகிறார், ஊரே சொல்கிறது குஞ்சிதபாதம் மாதிரி புருஷன் கிடைக்குமா என்று, அந்த நல்லவர்தான் தினமும் என்னைப் பகலிலிருந்து எடுத்து எடுத்து உள்ளே வைத்தார். பெட்டியில் வைக்கிற மாதிரி. பூச்சி அரிக்காமல் இருக்க.

அப்புறம் கண்ணாடி. லிஃப்டில் ஒரு குழந்தை என் முகத்தைப் பார்த்து வீறிட்டது, இடது கண் வெள்ளையாகப் பூத்துப்போய் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறதாம், வலது கண் நிற்காமல் அலைகிறதாம், மறுநாளே தேனுகா பெரிய கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தாள், ஓரமெல்லாம் மூடினது, நல்ல விலை. வெளியே போனால் அது, வீட்டுக்கு யாராவது வந்தால் அது, கொஞ்ச நாளில் முழித்திருக்கிற நேரமெல்லாம் அது. அப்படியும் வெயிலில் போனால் சந்து வழியாக வெளிச்சம் புகுந்து ஊசி மாதிரி குத்தும், தலை பிளக்கும். அதைத்தான் இங்கே வந்து சொன்னேன், போன மாசம், பெரிய டாக்டரிடம், வெயில் பட்டால் கண் வலிக்கிறது என்று. என் வாயால் சொன்னேன். வெயில் பட்டால். வேறு எப்படிச் சொல்ல வேண்டும்? வெளிச்சம் வலிக்கிறது என்றால் வெளிச்சம் உள்ளே போகிறது என்று அர்த்தம் இல்லையா, செத்த கண்ணுக்கு வெயிலும் நிழலும் எப்படித் தெரியும், இதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டுமா, எத்தனை பட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார் வாசலில். பயனில்லாத கண், வலிக்கிற கண், வைத்துக்கொண்டு எதுக்குக் கஷ்டப்படணும், எடுத்துடலாம் என்றார். வாடகை தராத குடித்தனக்காரனைக் காலி பண்ணுகிற மாதிரிச் சொன்னார். தேனுகா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ம்மா, ஆர்டிஃபிஷியல் ரொம்ப அழகா இருக்கும்மா, நான் நெட்ல பாத்தேன், போட்டோல தெரியவே தெரியாது," என்றாள். நிச்சயதார்த்தத்தில் போட்டோகிராபர் என்னை ஓரமாக நகரச் சொன்னான், அது அவளுக்குத் தாங்கவில்லை, எனக்காகத் தாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் ஆசையைக் கெடுப்பானேன் என்று தலையாட்டினேன். தலையாட்டினேன்! இன்னும் ஒரு ராத்திரி போனால் அந்தக் கொஞ்சமே கொஞ்சத்தையும் ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், நான் பாக்கி நாள் பூராவும் தூக்கம் வரலை தூக்கம் வரலை என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன், அவர்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார்கள். அந்தப் பெண் எழுந்திருக்கும்போது சொன்னாள், குரல் தணிந்து, கதவு திறந்திருந்ததோ என்னவோ, "கண்ணு எடுத்துட்டா இது போயிடும்மா. திரும்ப வராது. நான் சார்கிட்ட எழுதி வைக்கறேன். அவர் என்ன சொல்வாருன்னு தெரியாது. நீங்க சம்மதிக்காம எடுக்க முடியாது." நீங்க சம்மதிக்காம. நான்.

காபி மணம் முதலில் வருகிறது, பிறகு அவர் செருப்பு. "சூடா இருக்கு, பாத்துப் பிடி," என்று என் விரல்களை எடுத்து டம்ளரைச் சுற்றி வைக்கிறார். உதறவில்லை. சூடு பிடித்திருக்கிறது. "அந்த டாக்டரம்மா என்ன அவ்வளவு நேரம்?" என்கிறார். சொல்கிறேன். முழுவதும் சொல்கிறேன், குச்சி, கூம்பு, மூன்றாவது, கடிகாரம், நீலம், என் குரல் எனக்கே பாடம் நடத்துகிற குரலாகக் கேட்கிறது, ஒன்பதாம் வகுப்பு சி பிரிவு, கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற குரல், முருகா முருகா என்றவர் நிறுத்திவிட்டார். இவர் உறிஞ்சிக் குடிக்கிறார். "சின்னப் பொண்ணு, இப்பத்தான் படிச்சிட்டு வந்திருக்கும். பெரிய டாக்டர் இருவது வருஷமா பாக்கறாரு." "சின்னப் பொண்ணு கேட்டதப் பெரியவர் கேக்கலியே." "அதுக்கில்ல மங்க. பார்வை திரும்பி வருமாங்கறேன்." "வராது." "அப்ப?" அந்த அப்ப. ஒரே சொல். அப்ப என்ன பிரயோஜனம், அப்ப எதுக்கு, அப்ப உனக்கென்ன வித்தியாசம், எல்லாம் அதற்குள் இருக்கிறது. "அப்ப எனக்குப் பகல் வேணும்," என்கிறேன். "மெதுவாப் பேசு." "ஏன் மெதுவாப் பேசணும்? நா என்ன திருடினேன்? நீங்க எல்லாரும் சேந்து எடுத்தீங்க. நீங்க லைட்ட அணைச்சீங்க, அவ கண்ணாடி போட்டா, மாத்திரை குடுத்தீங்க. தூக்கம் வரலன்னு நாயா கத்தினேனே, ஒருத்தராவது ஏன்னு கேட்டீங்களா? நானே உள்ளதான் உக்காந்திருக்கேன், என்னைக் கேட்டீங்களா?" டம்ளர் விளிம்பில் காபி தளும்பிப் புறங்கையில் வழிகிறது, சுடுகிறது, துடைக்க அவர் கை வருகிறது, இப்போது உதறுகிறேன். நன்றாகவே உதறுகிறேன். சுற்றிலும் பேச்சு அடங்குகிறது, ஆஸ்பத்திரி முழுக்க என்னைப் பார்க்கிறது, பாருங்கள். "எனக்கு எப்படித் தெரியும் மங்க," என்கிறார், ரொம்பச் சின்னக் குரலில், "எனக்கு யாரு சொன்னா?" அது நியாயம்தான், அந்த நியாயம்தான் இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது, நியாயமான ஆட்களுக்கு நடுவில் இருந்தே ஒருத்தி இப்படி அழுகிப்போகலாம் என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நர்ஸ் இழுக்கிறாள்: மங்ங்கையர்க்கரசீ.

பெரிய டாக்டர் ரூமில் ஏசி. பேப்பர் புரள்கிறது. ஷஃபீனா எழுதினதைப் படித்திருக்கிறார், மூக்கால் ஒரு காற்று விடுகிறார். "ம். ஷஃபீனா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இதெல்லாம் இருக்குதும்மா, இல்லைன்னு சொல்லல. தியரி. ஆனா உங்களுக்கு அதனால பார்வை வராது. என்ன சார்?" என்னைக் கேட்கவில்லை, சார் என்று இவரைக் கேட்கிறார். நாற்காலியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொள்கிறேன். பயம் வருகிறது, இதை ஏன் மறைக்க வேண்டும், இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் பயம் வருகிறது, டாக்டர், படித்தவர், ஏசி, நான் யார், ஒரு பெண் சத்தமில்லாமல் விளக்குப் போட்டு விளையாடினதை நம்பி, தை மாசம், மண்டபம், போட்டோ, தேனுகாவின் மாமியார் முதல் தடவை பார்க்க வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு வார்த்தையை விழுங்கினது எனக்குக் கேட்டது, அந்த விழுங்கல் மண்டபம் முழுக்கக் கேட்கும், வரிசையாக வந்து கும்பிட்டு வரிசையாக விழுங்குவார்கள். "டாக்டர்," என்கிறேன், "நான் இங்க இருக்கேன்." பேனா நிற்கிறது. "சொல்லுங்கம்மா." "வெயில் பட்டா வலிக்குதுன்னு சொன்னேன். ஏன் வலிக்குதுன்னு நீங்க கேக்கல." "பயனில்லாத கண்ணும்மா அது. வலிதான் மிச்சம். எடுத்துட்டா வலி இருக்காது, நிம்மதியா இருப்பீங்க. பாக்கறவங்களுக்கும்..." "பாக்கறவங்க பாத்துக்கட்டும். வலி இருக்கட்டும். வலிக்குதுன்னா பகல்னு தெரியுது. எனக்கு அது வேணும்." "உணர்ச்சிவசப்பட்டு முடிவு எடுக்காதீங்க." "கோவத்துல எடுக்கறேன். கோவமும் உணர்ச்சிதான்." எங்கோ பின்னால், அலமாரி பக்கம், யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார்கள், ஏலக்காய். டாக்டர் இவர் பக்கம் திரும்புவது நாற்காலியின் கிரீச்சில் தெரிகிறது. "சார், நீங்க சொல்லுங்க." இப்போது. இந்த இடத்தில் இவர் என்ன சொல்வார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், நீங்க பாத்துச் செய்ங்க டாக்டர் என்பார், வாழ்நாள் முழுக்க மேலதிகாரிகளிடம் அதையே சொன்னவர், அப்படிச் சொன்னால் இனி இந்த மனுஷனோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறேன். தொண்டையைச் செருமுகிறார். "அவ வேணாங்கறா டாக்டர்," என்கிறார். அவ்வளவுதான். அவ்வளவுதான் சொன்னார், அதற்குமேல் ஒன்றும் இல்லை, அது போதாது, பத்தவே பத்தாது, ஆனாலும் சொன்னார்.

வெளியே உச்சி வெயில். படி இறங்கும்போதே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். வெயில் வந்து மோதுகிறது, உடனே குத்தவில்லை, இந்த முறை கவனிக்கிறேன், கொஞ்சம் தாமதித்து, எங்கோ ஆழத்தில் யாரோ எழுந்து உட்காருகிற மாதிரி, பிறகுதான் குத்துகிறது, நெற்றிக்குள், இரண்டு புருவத்துக்கும் பின்னால், கண்ணில் நீர் கொட்டுகிறது. குடை விரிகிற சத்தம். என் தலைக்கு மேல் பிடிக்கிறார். கையால் தள்ளுகிறேன். "தலை வலிக்கும் மங்க." "வலிக்கட்டும்." குடையை மடக்குகிறார். நடக்கிறோம், என் கை அவர் முழங்கையில் இல்லை, வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கொண்டு நானே நடக்கிறேன், ஆட்டோக்காரன் திட்டுகிறான், திட்டட்டும். "தேனு கிட்ட என்ன சொல்றது?" என்கிறார். "நா சொல்றேன். அழுவா. அப்புறம் சரியாவா." "போட்டோ..." "நா நடுவுல நிப்பேன். கண்ணாடி இல்லாம." கொஞ்ச தூரம் போய், "இன்னிக்கே கட்டிலை ஹால்ல போடணும், பால்கனி பக்கம். காலை வெயில் அங்கதானே வருது?" என்கிறேன். "ஹால்ல டிவி இருக்கே. நாலு பேர் வந்தா போனா உக்காரணும்." "டிவியத் தூக்கி உள்ரூம்ல வைங்க. அதுக்கு ஜன்னல் வேணாம்." சொன்னதும் எனக்கே சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை, கோபம் இடம் விடவில்லை. அந்தப் பெண் ஒன்றும் பெரிய நம்பிக்கை கொடுக்கவில்லை, வெளிச்சத்தில் இருந்து பாருங்க, கடிகாரம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், தேவைப்பட்டா வேற மாத்திரை இருக்கு என்றுதான் சொன்னாள், திரும்பாவிட்டாலும் பரவாயில்லை, என் பகலில் நான் முழித்திருந்து தோற்கிறேன். பஸ் ஸ்டாப் வந்துவிட்டது, கூரைக்கடியில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிற வாசனை, வியர்வை, மல்லிகை, முறுக்கு. "நிழல்ல வா," என்கிறார். "நீங்க நில்லுங்க," என்று நான் கூரைக்கு வெளியே, தார் ரோட்டின் ஓரமாக நின்றுகொள்கிறேன். முகத்தைத் தூக்கிக் காட்டுகிறேன். யாரோ ஒரு பெண் அட சாமி என்று முணுமுணுத்து நகர்கிறாள். தார் கொதித்துச் செருப்பு வழியாக ஏறுகிறது, மண்டைக்குள் அடி அடியென்று அடிக்கிறது, வாயில் உப்புக் கரிக்கிறது, நின்றுகொண்டே இருக்கிறேன், பஸ் வருகிற மாதிரி இல்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கு இல்லை, இந்த மாசம் இல்லை, எப்போது என்று தெரியாது, அதற்கு அவசரமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து செருப்புச் சத்தம் கூரையை விட்டு வெளியே வருகிறது. என் பக்கத்தில் வந்து நிற்கிறார், வெயிலில், குடையை விரிக்கவில்லை, என்னைத் தொடவும் இல்லை, அவர் மூச்சு மட்டும் கேட்கிறது. போங்க என்று நான் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.